இருட்டில் அஞ்சறைப் பெட்டி: கையால் தள்ளும் தொலைநோக்கிக்கு வழி சொல்லும் கருவி எப்படி இயங்குகிறது?

எட்டு அங்குல ஆடி வைத்த ஒரு தொலைநோக்கியை எடுத்துக்கொள்வோம். குவியத் தூரம் 1200 மில்லிமீட்டர். அதில் 25 மில்லிமீட்டர் ஐபீஸைப் பொருத்தினால் 48 மடங்கு பெரிதாகத் தெரியும். ஒரு பார்வைக்குள் அகப்படும் வானத்தின் அகலம் சுமார் ஒரு பாகை, அதாவது முழுநிலா இரண்டை ஒட்டி வைத்த அளவு. தலைக்கு மேல் கவிந்திருக்கும் அரைக்கோள வானத்தை இந்த அளவுக்குத் துண்டு போட்டால் ஏறக்குறைய 24,000 துண்டுகள் வரும். நாம் தேடும் நெபுலாவோ விண்மீன் திரளோ அவற்றில் ஏதோ ஒன்றில் இருக்கிறது. நிலாவையும் சனியையும் பார்த்த பிறகு பல தொலைநோக்கிகள் பரணுக்குப் போய்விடுவதற்கு இந்தக் கணக்குதான் காரணம். கண்ணாடியில் குறையில்லை. தேடத் தெரியாமல் கை அலுத்துவிடுகிறது.

தேடலை எளிதாக்க இரண்டு வழிகள் உண்டு. மோட்டாரே குழாயைத் திருப்பிக்கொண்டு போகும் தாங்கி ஒன்று. அது விலை கூடியது, மின்சாரமும் நிறைய வேண்டும். மற்றொன்றில் குழாயைக் கைதான் தள்ளும். எந்தப் பக்கம், இன்னும் எவ்வளவு தள்ள வேண்டும் என்பதை மட்டும் மின்னணு சொல்லும். இதை ‘புஷ்-டு’ என்பார்கள். ஜெகதாப்பட்டினம் போன்ற கரையூருக்கு இந்த இரண்டாவது வழியே பொருந்தும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

காரணம் ஊரின் இருப்பிடத்திலேயே இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், மணமேல்குடி வட்டத்தில், பாக் நீரிணைக் கரையில் இருக்கும் இந்த மீன்பிடித் துறைமுகம் ஏறக்குறைய 10 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஆகவே துருவ நட்சத்திரமும் அடிவானத்திலிருந்து வெறும் 10 பாகை உயரத்தில்தான் நிற்கும். கடலோரத்து ஈரக்காற்றின் மங்கலிலோ பக்கத்து வீட்டுத் தென்னையின் பின்னாலோ அது மறைந்துவிடும். வானத்தின் சுழற்சியோடு சேர்ந்து சுழலும் நடுவரைத் தாங்கியை நிறுவ வேண்டுமானால் அதன் முதன்மை அச்சைத் துருவத்தை நோக்கிக் குறிவைக்க வேண்டும். ஐரோப்பிய அட்சங்களை மனத்தில் வைத்துச் செய்த சிறு தாங்கிகள் பல அவ்வளவு தாழச் சாயாது. சாய்ந்தாலும் எடைக்கட்டி தாங்கியின் காலில் இடிக்கும். ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு ஆய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி நடுவரைத் தாங்கியில்தான் இருக்கிறது. 1986-இல் பயன்பாட்டுக்கு வந்த அந்தக் கருவியின் துருவ அச்சு, அந்த இடத்தின் அட்சத்துக்கேற்பத் தரையை ஒட்டிப் படுத்தபடி இருக்கிறது. அதற்கென்றே கட்டிய இரும்பும் கட்டடமும் அங்கே உண்டு. மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகும் கருவிக்கு அது முடியாது.

அமெச்சூர்களுக்கு எளிய விடையைக் கொடுத்தவர் ஜான் டாப்சன். 1944-இலிருந்து 1967 வரை சான் பிரான்சிஸ்கோ வேதாந்த சங்கத்தின் மடத்தில் துறவியாக வாழ்ந்தவர். வெளியே வந்த மறு ஆண்டே தெருவோர வானியல் குழுவைத் தொடங்க உதவி, போகிற வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி நிலாவைக் காட்டினார். அவர் பெயரால் வழங்கும் தாங்கி பிளைவுட்டால் ஆனது. அடிப்பலகையின் மேல் ஒரு சுழல்பலகை கிடையாகச் சுற்றும். அதன் பக்கப்பலகைகளில் உட்கார்ந்த குழாய் மேலும் கீழும் சாயும். டெஃப்லான் துண்டுகளின் மேல் வழுக்கும் உராய்வே அதற்குப் பிரேக். உள்ளூர்த் தச்சர் ஒருவரால் செய்துவிட முடியும். ஒரே குறை, எங்கே பார்க்கிறோம் என்று அதற்குத் தெரியாது.

அதைத் தெரியவைப்பது எப்படி என்பதைப் புரிந்துகொள்ளச் சமையலறைக்குப் போவோம்.

வட்டமான எவர்சில்வர் அஞ்சறைப் பெட்டி. நடுவில் ஒரு கிண்ணம், சுற்றிலும் ஆறு. நடுவில் கடுகு. சுற்றுக் கிண்ணங்களில் சீரகம், மிளகு, வெந்தயம், சோம்பு, மஞ்சள்தூள், உளுத்தம்பருப்பு என்று வலமாக வரிசை. எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும்போது மின்சாரம் போய்விடுகிறது. பெட்டியைக் கை எட்டி எடுக்கிறது; வட்டப் பெட்டி என்பதால் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று தெரியாது. மூடியைத் திறந்து நடுவில் தொட்டால் உருண்டை உருண்டையாகக் கடுகு. இடம் சரிதான், ஆனால் கடுகு மட்டும் கிடைத்தால் போதாது, சோம்பு எந்தப் பக்கம் என்று அது சொல்லாது. இன்னொரு கிண்ணத்தைத் தொட வேண்டும். ஒல்லியாக, நீளமாக, தேய்த்தால் வாசனையாகச் சீரகம். அந்தக் கணத்தில் மீதி ஐந்து கிண்ணங்களும் தத்தம் இடத்தில் வந்து நின்றுவிடும். அவற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டியதே இல்லை. சீரகத்திலிருந்து வலமாக மூன்றாவது கிண்ணம் சோம்பு.

இதில் வேலை செய்தவை மூன்று. கிண்ணங்களின் வரிசை முன்பே மனத்தில் இருந்தது. அடையாளம் தெரிந்த இரண்டு கிண்ணங்களைக் கை தொட்டது. முதல் கிண்ணத்திலிருந்து அடுத்ததற்கு எவ்வளவு நகர்ந்தோம் என்று விரலுக்குத் தெரிந்தது. தொலைநோக்கியிலும் இதே மூன்றுதான். வரிசை என்பது விண்மீன் பட்டியல். தொட்டுப் பார்க்கும் இரண்டு கிண்ணங்கள் பெயர் தெரிந்த இரண்டு பிரகாசமான விண்மீன்கள். விரலின் நகர்வை அளக்க அச்சுக்கு ஒன்றாக இரண்டு என்கோடர்கள்.

பட்டியலைப் பொறுத்தவரை தமிழ்நாட்டுக்கு நீண்ட கணக்கு இருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் 1792-இலிருந்து இயங்கிய சென்னை வானாய்வகத்தில் தாமஸ் கிளான்வில் டெய்லர் ஆண்டுக்கணக்காக அளந்து 11,015 விண்மீன்களின் பட்டியலை 1844-இல் வெளியிட்டார். பின்னர் அதே ஆய்வகத்தில் சிந்தாமணி ரகுநாதாச்சாரி பணிபுரிந்து 1867-இல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறொளிர் விண்மீனைக் கண்டறிந்தார். அக்காலத்தில் அச்சில் பெரிய பித்தளை வட்டம் இருக்கும். அதன் விளிம்பில் பாகையும் கலையும் நுண்ணிய கோடுகளாகச் செதுக்கியிருக்கும். நுண்நோக்கி வைத்துக் கோட்டைப் படிப்பார்கள். நாம் இப்போது பிளைவுட்டில் பொருத்தப்போவது அந்த வட்டத்தின் வேலையைச் செய்யும் ஒரு சிறு உருளையைத்தான்.

என்கோடருக்குள் மெல்லிய வட்டத் தகடு ஒன்று அச்சோடு சுழலும். விளிம்பைச் சுற்றிச் சம இடைவெளியில் துளைக்கீற்றுகள். ஒரு பக்கம் சிறு எல்.இ.டி. விளக்கு, மறுபக்கம் ஒளியுணரிகள் இரண்டு. தகடு சுழலும்போது உணரியின் மேல் வெளிச்சம் விழும், மறையும். ஒவ்வொரு மாற்றமும் ஓர் எண்ணிக்கை. ஓர் உணரி மட்டும் இருந்தால் எவ்வளவு சுழன்றது என்று தெரியும், எந்தப் பக்கம் என்று தெரியாது. அதனால்தான் இரண்டாவது உணரியைக் கீற்று இடைவெளியில் கால்பங்கு தள்ளி வைக்கிறார்கள். முதல் உணரி முந்தினால் வலம். இரண்டாவது முந்தினால் இடம். ஒரு கீற்று கடப்பதற்குள் இரண்டு உணரிகளிலும் சேர்த்து நான்கு மாற்றங்கள் நிகழ்கின்றன. ஆகவே 600 கீற்றுள்ள, தொழிற்கூடங்களில் பரவலாகப் புழங்கும் மலிவான என்கோடர் ஒரு சுற்றுக்கு 2400 எண்ணிக்கை கொடுக்கும்.

ஒரு சுற்று 360 பாகை. பாகைக்கு 60 கலை என்றால் மொத்தம் 21,600 கலை. 2400-ஆல் வகுத்தால் ஓர் எண்ணிக்கைக்கு 9 கலை. நம் ஐபீஸில் தெரியும் வட்டமோ 60 கலை. குறி ஓரிரண்டு எண்ணிக்கை தவறினாலும் தேடும் பொருள் வட்டத்துக்குள்ளேயே இருக்கும். இன்னும் நுட்பம் வேண்டுமானால் பல்வார் பெல்ட் போட்டு, தாங்கி ஒருமுறை சுற்றினால் என்கோடர் நான்கு முறை சுற்றும்படி செய்யலாம். அப்போது ஓர் எண்ணிக்கை 2.25 கலைக்கு இறங்கும். ஆனால் பலர் இங்கேதான் பணத்தை வீணாக்குகிறார்கள். தாங்கியின் மரம் அரைப்பாகை ஆடும்போது இரண்டு கலை நுட்பத்தால் ஒரு பயனும் இல்லை. முதலில் மரத்தைச் சரிசெய்ய வேண்டும்.

மரவேலையில் கவனிக்க வேண்டியவை நிறைய. கிடையாகச் சுற்றும் அச்சு என்பது அடிப்பலகையையும் சுழல்பலகையையும் இணைக்கும் நடு போல்ட். சாதாரண டாப்சன் தாங்கியில் அது சற்றுத் தளர்ந்திருந்தாலும் குறையில்லை. என்கோடர் வைத்தபின் அதே தளர்வு நேரடியாகப் பிழையாக மாறும். துளையில் பித்தளைப் புஷ் இறக்கி, போல்ட் அசையாமல் அடிப்பலகையோடு இறுக்கப்பட வேண்டும். போல்ட்டின் நுனியில் என்கோடரின் தண்டு இணையும். என்கோடரின் உடல் சுழல்பலகையோடு சேர்ந்து சுற்றும். இப்போது ஓர் ஆசை வரும், உடலை நாலு திருகாணி போட்டுப் பலகையோடு அழுத்திக் கட்டிவிடலாமே என்று. அப்படிச் செய்யக் கூடாது. கையால் செய்த தாங்கியில் இரண்டு அச்சுகளின் மையமும் மயிரிழைகூடப் பிசகாமல் ஒன்றுவது அரிது. இறுக்கிக் கட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் என்கோடரின் தண்டு வளைந்து கொடுத்து, உள்ளிருக்கும் பேரிங் தேயும். தண்டை போல்ட்டோடு இறுக்கிவிட்டு, உடலில் ஒரு தகட்டுக் கையைப் பொருத்தி, அந்தக் கையின் நுனியில் நீள்துளை வெட்டி, பலகையில் அடித்த ஓர் ஆணியில் மாட்டுவதுதான் முறை. உடல் பலகையை விட்டுத் தனியாகச் சுற்றாது, ஆனால் சில மில்லிமீட்டர் அங்குமிங்கும் மிதக்கும். நீள்துளை ஆணியில் சொருகும்போது ஆட்டம் இருக்கவும் கூடாது, இறுகவும் கூடாது. சாயும் அச்சுக்கும் இதே முறைதான். பக்கவாட்டு வட்டத் தாங்கு தட்டின் மிகச்சரியான மையத்தில் தண்டு உட்கார வேண்டும். ஒரு நல்ல தச்சரும் ஒரு கடைசல் பட்டறையும் இருந்தால் இந்த வேலை முடிந்துவிடும். படகு என்ஜின்களைப் பழுதுபார்க்கும் ஊரில் அதற்கான கைகள் உண்டு.

இரண்டு என்கோடர்களின் வயர்களும் ஒரு சிறு சில்லுப் பலகைக்குப் போகின்றன. ஆர்டுயினோ வகைப் பலகையானாலும் சரி, வைஃபையும் புளூடூத்தும் உள்ளடங்கிய ஈ.எஸ்.பி. 32 ஆனாலும் சரி. இந்தச் சில்லுக்கு வானத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாது. விண்மீன் பெயர் தெரியாது, நேரம் தெரியாது. எண்ண மட்டும் தெரியும். கைபேசிச் செயலி வயர் இல்லாமல் அதனிடம் ‘க்யூ’ என்ற ஒற்றை எழுத்தை அனுப்பும். பதிலுக்கு அது இரண்டு எண்களைத் திருப்பி அனுப்பும்: கிடை அச்சின் எண்ணிக்கை, சாய்வு அச்சின் எண்ணிக்கை. வினாடிக்குச் சில முறை இந்தக் கேள்வி பதில் நடக்கும். பல பத்தாண்டுகளுக்கு முன் விற்ற கருவிகளின் பேச்சுமுறை இது. இன்றைய ஸ்கைசஃபாரி போன்ற செயலிகளும் இதையே பேசுகின்றன. அஞ்சறைப் பெட்டியில் விரல் செய்யும் வேலை மட்டும்தான் சில்லுக்கு. வரிசையை நினைவில் வைத்திருக்கும் வேலை கைபேசியுடையது. பவர் பேங்க் ஒன்று இருந்தால் இரவு முழுவதும் ஓடும்.

இரண்டு விண்மீன்கள் போதும் என்பதை அமெச்சூர்களுக்குத் தெளிவாக எழுதிக் காட்டியவர் தோஷிமி தாக்கி என்ற ஜப்பானியர். ‘ஸ்கை அண்ட் டெலஸ்கோப்’ இதழின் 1989 பிப்ரவரி வெளியீட்டில் அவருடைய கட்டுரை வந்தது. ஒவ்வொரு விண்மீனின் திசையையும் மூன்று எண்கள் கொண்ட அம்பாக எழுதுகிறார். வானத்தின் கணக்கில் இரண்டு அம்புகள். அதே விண்மீன்களுக்குத் தாங்கியின் கணக்கில் இரண்டு அம்புகள். இரண்டுக்கும் செங்குத்தாக மூன்றாவது அம்பைக் கணக்கே உண்டாக்கிக்கொள்ளும். மூன்றுக்கு மூன்று ஆனதும், வானத்தின் எந்தத் திசையையும் தாங்கியின் மொழிக்கு மாற்றும் ஒன்பது எண்கள் கொண்ட அணி கிடைத்துவிடும். இதன் அழகு, தாங்கி மட்டமாக இருக்க வேண்டியதில்லை என்பது. சாய்ந்த மேடையில் வைத்தாலும் அஞ்சறைப் பெட்டிக்குள் கிண்ணங்களின் வரிசை மாறாதல்லவா? அட்சம் தெரிய வேண்டியதில்லை, வடக்கு தெரிய வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் தொடக்கத்தில் சொல்லிவிட வேண்டும்: குழாய் அடிப்பலகைக்கு இணையாக இருக்கும் நிலைதான் சாய்வில் பூஜ்யம். அந்த நிலையில் குழாய் வந்து முட்டி நிற்க ஒரு மரக்கட்டையைத் தடுப்பாக வைத்துக்கொண்டால் ஒவ்வோர் இரவும் அதே பூஜ்யம் கிடைக்கும்.

மீனவர் வீட்டுப் பிள்ளைகள் இங்கே ஒரு நியாயமான கேள்வி கேட்பார்கள். படகில் ஜி.பி.எஸ். இருக்கிறது, கைபேசியிலும் இருக்கிறது. பிறகு எதற்கு இவ்வளவு பாடு? ஜி.பி.எஸ். இருக்கும் இடத்தைச் சொல்லும். எந்தப் பக்கம் பார்க்கிறோம் என்று சொல்லாது. படகு ஓடினால்தான் அது ஓடும் திசையைக் காட்டும், நின்றுவிட்டால் திசை தடுமாறும். தொலைநோக்கி நின்ற இடத்திலேயே நிற்பது. கைபேசியின் காந்தத் திசைமானி உதவாதா என்றால், மாடிக் கான்கிரீட்டின் கம்பியும் பக்கத்தில் போட்ட இரும்பு நாற்காலியும் அதைப் பல பாகை திருப்பிவிடும். ஒரு பாகை வட்டத்துக்குள் குறிவைக்க அதை நம்ப முடியாது. விண்மீனைத் தொட்டுத்தான் ஆக வேண்டும்.

மே மாத நடுவில் ஓர் இரவை எடுத்துக்கொள்வோம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். இரவு 8 மணி. குழாயைத் தடுப்புக்கட்டையில் முட்டவைத்துப் பூஜ்யம் கொடுத்தாயிற்று. மேற்கே, 38 பாகை உயரத்தில், புனர்பூசத்தின் இரண்டு விண்மீன்களில் பிரகாசமானது தெரியும். மேல்நாட்டார் போலக்ஸ் என்பது. குழாயைத் தள்ளி அதை ஐபீஸின் நடுவுக்குக் கொண்டுவந்து, செயலியில் அதன் பெயரைத் தொட்டு ‘பொருத்து’ என்று சொன்னால் முதல் கிண்ணம் தொட்டாயிற்று. அடுத்து தென்கிழக்கே, சுமார் 52 பாகை உயரத்தில், வெண்ணீலமாகச் சித்திரை. அதையும் நடுவில் நிறுத்திப் பொருத்த வேண்டும். வேலை முடிந்தது.

இந்த இரண்டையும் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. இரண்டுக்கும் இடையே வானில் ஏறக்குறைய 91 பாகை. அடுத்தடுத்த இரண்டு கிண்ணங்களைத் தொடுவதைவிடத் தள்ளியிருக்கும் இரண்டைத் தொட்டால் பெட்டியின் திருப்பம் துல்லியமாகத் தெரியும். விண்மீன்களுக்குச் செங்கோணத்தை ஒட்டிய இடைவெளி மிக நல்லது. இரண்டும் உச்சிக்கும் போகவில்லை, அடிவானத்திலும் இல்லை. அதோடு அந்த 91 பாகையே நமக்கு ஒரு சோதனை. பட்டியல்படி இடைவெளி என்ன என்று செயலிக்குத் தெரியும். என்கோடர்கள் அளந்தது என்ன என்றும் தெரியும். இரண்டும் சிறு பின்னப் பாகைக்குள் ஒத்துப்போனால் நிம்மதி. பெரிதாக வேறுபட்டால் இரண்டில் ஒன்று: விண்மீனைத் தவறாக அடையாளம் கண்டிருக்கிறோம், அல்லது பூஜ்யம் தவறு. இந்தச் சோதனையில் அகப்படாத பிழை ஒன்றும் உண்டு: ஓர் என்கோடரின் திசை தலைகீழாக எண்ணுவது. புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலோருக்கு அது வரும். வலமாகப் படிக்க வேண்டிய கிண்ண வரிசையை இடமாகப் படிப்பது போன்றது அது. தொட்ட கிண்ணங்கள் சரியாக இருக்கும், மற்றவை பெரும்பாலும் தப்பும். செயலியில் அந்த என்கோடரின் சுற்று எண்ணிக்கைக்கு முன் கழித்தல் குறி போட்டால் சரியாகிவிடும்.

இனி தேடலாம். ஒமேகா சென்டாரி என்று செயலியில் தட்டினால், வலப்பக்கம் இத்தனை பாகை, கீழே இத்தனை பாகை என்று காட்டும். தள்ளத் தள்ள இரண்டு எண்களும் குறையும். இரண்டும் பூஜ்யத்தை நெருங்கியதும் ஐபீஸில் கண்ணை வைத்தால் போதும். ஏறக்குறைய 17,000 ஒளியாண்டு தொலைவிலுள்ள கோளத் திரள் அது. ஒரு கோடி விண்மீன்கள் வரை அதில் இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். மே நடுவில் இரவு 10 மணி சுமாருக்கு அது ஜெகதாப்பட்டினத்தின் தென்வானில் 32 பாகை உயரத்துக்கு வந்துவிடும். லண்டனில் இருப்பவருக்கு அது ஒருநாளும் உதிக்காது. திரிசங்கு விண்மீன்களும் அதே மாதம் அதே பக்கம் 20 பாகை உயரத்தில் நிற்கும். தென்வானப் பொருள்களுக்கு மாநிலத்தின் தெற்குக் கடலோரம் கொடுத்துவைத்த இடம்.

பெட்டியைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். இந்தப் பெட்டி சும்மா இருப்பதில்லை. யாரோ அதை மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருக்கிறார்கள்: பூமி சுழல்வதால் வானம் நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை நகர்கிறது. முதல் விண்மீனைத் தொட்டதற்கும் இரண்டாவதைத் தொட்டதற்கும் நடுவே இரண்டு நிமிடம் கடந்திருந்தால் அரைப்பாகை போயிருக்கும். ஆகவே ஒவ்வொரு தொடுதலுக்கும் செயலி நேரத்தைக் குறித்துக்கொண்டு, அந்த நகர்வைக் கணக்கில் கழிக்கிறது. கைபேசியின் கடிகாரம் தானாகவே சரியாக இருப்பதால் இதற்கு நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஐபீஸில் கண் வைத்திருக்கும்போது பொருள் நழுவிப் போவதையோ தடுக்க முடியாது, மோட்டார் இல்லையே. கையால் மெல்லத் தள்ளிக்கொண்டே பார்க்க வேண்டும், சீக்கிரம் பழகிவிடும்.

இந்த அட்சத்துக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. கன்னி ராசியின் விண்மீன்மண்டலக் கொத்து அமெச்சூர்களின் கனவு. அதன் நடுவிலுள்ள மெசியே 87 இங்கே உச்சிவானுக்கு இரண்டரைப் பாகைக்குள் கடந்து போகிறது. காற்றுமண்டலத்தின் தடை மிகக் குறைந்த இடம்; பார்வைக்கு அதைவிட நல்ல இடமில்லை. ஆனால் டாப்சன் தாங்கிக்கு உச்சிதான் எட்டாத மூலை. அந்த உயரத்தில் குழாயை வானில் ஒரு பாகை பக்கவாட்டில் நகர்த்த வேண்டுமானால் சுழல்பலகையை 23 பாகை சுற்ற வேண்டும். குழாய் செங்குத்தாக நிற்பதால் தள்ளப் பிடியும் கிடைக்காது. அந்தக் கொத்தை உச்சிக்கு வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்போ கடந்த பின்போ பார்ப்பதே நல்லது. பொருத்துவதற்கும் உச்சியை ஒட்டிய விண்மீனை எடுக்கக் கூடாது.

கடற்கரை மணலில் தாங்கியை வைப்பதும் கூடாது. இரவு பாதி ஆவதற்குள் ஒரு கால் புதையும், அடிப்பலகை சற்றே திரும்பும். என்கோடர்களுக்கு அது தெரியாது. அவை பலகைகளுக்கு இடையே உள்ள கோணத்தை மட்டுமே அளக்கின்றன. பெட்டியை யாரோ தட்டிவிட்டார்கள், விரலோ பழைய நினைவில் போகிறது. மறுபடி இரண்டு விண்மீன்களைத் தொட வேண்டியதுதான். மொட்டை மாடியோ பள்ளி மைதானத்துச் சிமென்ட் மேடையோ நல்லது.

இந்தக் குறையே இல்லாத இன்னொரு முறையும் வந்துவிட்டது. குழாயோடு ஒரு சிறு கேமராவைக் கட்டிவிட்டால், அது எடுக்கும் படத்திலுள்ள விண்மீன்களின் அமைப்பை மென்பொருள் பட்டியலோடு ஒப்பிட்டுக் குழாய் எங்கே பார்க்கிறது என்று சொல்லிவிடும். நான்கு நான்கு விண்மீன்களாக எடுத்து அவற்றுக்கிடையே உள்ள விகிதங்களைத் தேடும் அஸ்ட்ரோமெட்ரி டாட் நெட் இதற்கு முன்னோடி. செலஸ்ட்ரான் நிறுவனம் 2020-இல் கைபேசிக் கேமராவையே இதற்குப் பயன்படுத்தும் தொலைநோக்கிகளைக் கொண்டுவந்தது. ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில் தாங்களே இதைச் செய்துகொள்பவர்களும் உண்டு. விரலால் தடவாமல் டார்ச் அடித்துப் பெட்டி முழுவதையும் ஒரே பார்வையில் பார்ப்பது போன்றது இது. தாங்கி ஆடினாலும் மணலில் புதைந்தாலும் அடுத்த படத்தில் சரியாகிவிடும். மெல்லிய மேகமோ நிலவொளியோ கூடினால் தடுமாறும். கையில் பணமும் கணினிப் பழக்கமும் இருப்பவர்களுக்கு இதுவே சிறந்த வழி என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு பள்ளிக்கு நான் என்கோடரைத்தான் சொல்வேன். கோணம், வகுத்தல், அணி, பூமியின் சுழற்சி எல்லாம் அதில் கண்முன் நடக்கின்றன. மாணவர்கள் திறந்து பார்த்து, கழற்றி மாட்டிக் கற்றுக்கொள்ளலாம்.

அதற்கும் கையில் காசில்லை என்றால் தச்சர்கள் பயன்படுத்தும் டிஜிட்டல் கோணமானி ஒன்றைக் குழாயின் மேல் ஒட்டினால் போதும். புவியீர்ப்பை வைத்துச் சாய்வைப் பாகையில் பத்தில் ஒன்று வரை காட்டும். சுழல்பலகையைச் சுற்றி 360 பாகை அச்சிட்ட காகித வளையத்தை ஒட்டி, தெரிந்த ஒரு விண்மீனில் வைத்து வளையத்தைச் சரிப்படுத்திக்கொள்ளலாம். பொருளின் உயரமும் திசையும் அந்த நிமிடத்தில் எவ்வளவு என்று ஸ்டெல்லேரியம் என்ற வானியல் செயலி சொல்லும். இந்த முறைக்குத் தாங்கி மட்டமாக இருந்தே ஆக வேண்டும். ரசமட்டம் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். கணக்கெல்லாம் நம் தலையில். ஆனால் நன்றாகவே வேலை செய்யும்.

உப்புக்காற்றைப் பற்றிச் சுருக்கமாக. எல்லாக் கனெக்டர்களிலும் பச்சைக் களிம்பு ஏறும். முடிந்த இடத்தில் வயரை நேரடியாகச் சால்டர் செய்து, மேலே நிறமற்ற நகப்பூச்சைத் தடவிவிடலாம். சில்லுப் பலகையை மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வைக்க வேண்டும். ஆடியின் அலுமினியப் பூச்சைக் காக்க, பயன்படுத்தாத நேரத்தில் குழாயின் இரு முனைகளையும் மூடிவைக்க வேண்டும். ஒளிவகை என்கோடரில் ஈரம் புகுந்தால் எண்ணிக்கை விட்டுப்போகும். மூடிய உடலுள்ளதாகப் பார்த்து வாங்குவது நல்லது.

இவ்வளவு மின்னணுவையும் பொருத்திய பின்னும், வானத்தில் இரண்டு விண்மீன்களைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டத் தெரியாதவருக்கு இந்தக் கருவி ஒரு பொருளையும் காட்டாது. ஆகவே என்கோடர் வாங்கக் கிளம்பும் முன், புனர்பூசம், மகம், சித்திரை, சுவாதி, கேட்டை ஆகிய ஐந்தையும் வெறுங்கண்ணால் கண்டுபிடிக்கப் பழகுங்கள். மே மாத இரவில் 9 மணி சுமாருக்கு இந்த ஐந்துமே ஒரே நேரத்தில் வானத்தில் இருக்கும். மணமேல்குடி வட்டாரத்துப் பள்ளி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த தடைக்காலத்து இரவுகளில் மாணவர்களையும், கரையில் இருக்கும் அவர்களுடைய அப்பாக்களையும் சேர்த்து மாடிக்கு அழைத்துப் போய், அந்த ஐந்திலிருந்து தொடங்குங்கள்.